இரண்டேகால் அங்குல சைலன்சர்

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கலக்கி, ஆர்டிஸ் தன் கணவரின் வலது கையைக் கிண்ணத்துக்குள் இறக்கினாள். இறுகிய கையை விரல் நுனியைப் பிடித்து இழுத்துத் திறக்கக் கூடாது. முதலில் மணிக்கட்டை உட்பக்கமாக மடக்க வேண்டும். விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும். பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு வரலாம். கட்டைவிரல் கடைசி. உள்ளங்கையில் நகம் பதிந்து நான்கு சிவந்த தடங்கள் இருந்தன. நேற்று மூன்றுதான் இருந்தன.

"வலிக்குதா?"

"இல்ல," என்றார் வெர்லின்.

அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஏப்ரலில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் மிஞ்சிய ஒரே தெளிவான சொல் அதுதான். காபி வேண்டுமா என்று கேட்டால் இல்ல என்பார். கொடுத்தால் இரண்டு கோப்பை குடிப்பார். குளிராக இருக்கிறதா என்றால் இல்ல. ஆனால் இடது கையால் கம்பளியை இழுத்து மூடிக்கொள்வார்.

ஆர்டிஸ் ஈரத்தை ஒற்றி எடுத்து, சிறு துண்டு ஒன்றைச் சுருட்டி அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அவளுக்கு அறுபத்தொன்பது வயது. மேற்கு மினசோட்டாவில் ஏழு பிள்ளைகள் இருந்த ஒரு பண்ணை வீட்டில் நான்காவதாகப் பிறந்து, அங்கிருந்து பதினோரு மைல் தள்ளி இருந்த ஹெக்லண்ட் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். காலையில் மாடு கறப்பாள். மாலையில் ஊருக்குள் இருந்த முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவாள். முப்பத்தொரு வருடம் அப்படிப் போனது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆளைத் தன் முதுகு பிடித்துக்கொள்ளாமல் எப்படித் திருப்புவது, மாத்திரையைத் துப்புகிறவரை எப்படி விழுங்க வைப்பது, அழுகிறவரை எத்தனை நிமிடம் அழ விடுவது எல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். அவள் பார்த்துக்கொண்டவர்கள் இப்போது தேவாலயத்துக்குப் பின்னால் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட முதுகில் புண் வந்ததில்லை.

அதனால்தான் வெர்லினின் கை என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அசைக்காமல் விட்டால் ஒரு குளிர்காலம் போதும். விரல்கள் இறுகி, நகம் உள்ளே வளர்ந்து, கடைசியில் அந்தக் கையைக் கழுவுவதற்கே இரண்டு பேர் வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த மரீபெத்தும் ஒளிக்கவில்லை.

"நாம புடிச்சு அசைச்சா அது கணக்குல வராது ஆர்டிஸ். அவரா ஏதாவது செஞ்சாத்தான் முன்னேற்றம்னு நான் எழுத முடியும். செப்டம்பர் கடைசிக்குள்ள ஒண்ணும் எழுதலேன்னா இன்சூரன்ஸ்காரங்க என்னை அனுப்ப மாட்டாங்க."

பிசைவதற்கு மரீபெத் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாள். வெர்லின் அதை இடது கையால் எடுத்து நாய்க்கு எறிந்துவிடுவார். அந்த வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தது நாய் மட்டும்தான்.

டிராக்டர் ஞாபகம் ஆர்டிஸுக்கு வந்தது ஆகஸ்டு மாதத்தில். கொட்டகையில் நின்ற பச்சை வண்டி அவர்களுடைய கல்யாணத்தைவிட நான்கு வயது மூத்தது. இரண்டு சிலிண்டர். அதற்குக் கிளட்ச் காலில் இல்லை, கையில். இருக்கையின் வலப்பக்கம் நீளமாக நிற்கும் இரும்புக் கோல். முன்னால் தள்ளினால் பிடிக்கும், பின்னால் இழுத்தால் விடும். கியர் போடாமல் வைத்திருந்தால் வண்டி நகராது. மற்ற இயந்திரங்களை ஓட்டுவதற்காக வார் மாட்டும் பட்டைச் சக்கரம் ஒன்று பக்கத்தில் உண்டு, அது மட்டும் சுற்றும். தள்ளு, இழு. தள்ளு, இழு. வெர்லின் நாற்பத்தைந்து வருடமாக அந்த வலது கையால் செய்த வேலை. பந்தைப் பிசைய மறுக்கிற கை அந்தக் கோலை மறுக்காது என்று அவள் நினைத்தாள்.

நினைத்தது சரிதான். இடுப்பில் அகலப் பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பால் கேன் வைக்கும் மேடையைப் படியாகப் போட்டு, அவரை மேலே ஏற்றி உட்கார வைத்தாள். அவருடைய கண் நேராகக் கோலுக்குத்தான் போனது. ஆனால் இஞ்சினைக் கிளப்பியதும் துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். குளிர்காலம் முழுக்கச் சும்மா நின்றதில் சைலன்சர் துருப்பிடித்து, பக்கவாட்டில் முஷ்டி நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. நோய் வந்த பிறகு வெர்லினுக்குச் சத்தம் ஆகாது. தட்டு விழுந்தாலே தோள் காதுக்கு ஏறிவிடும். அவர் உடம்பெல்லாம் நடுங்க, தானாகவே கீழே இறங்கப் பார்த்தார். பட்டை மட்டும் அவள் கையில் இல்லாமல் இருந்திருந்தால் இடுப்பெலும்பும் போயிருக்கும்.

அதற்குப் பிறகு கொட்டகைக்குள் வர மறுத்தார், வாசலோடு சரி. இஞ்சினைக் கிளப்பாமல் சும்மா உட்கார்ந்து கோலைத் தள்ளச் சொன்னபோது, கண்காட்சியில் பொம்மைக் குதிரை மேல் ஏறச் சொன்னது போல் அவளைப் பார்த்தார். ஆக, சைலன்சர் வேண்டும். அதுவும் உறைபனி விழுவதற்குள்.

ஊரில் பண்ணைச் சாமான் கடை வைத்திருந்த டுவெய்ன் தடிமனான உதிரிச் சாமான் பட்டியலைப் புரட்டினான். வண்டியின் மாடலைக் கேட்டான், வருடத்தைக் கேட்டான். ஒன்பது நாளில் சைலன்சர் வந்தது. ஆர்டிஸ் அதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். வீங்கின விரலில் ஏறாத கல்யாண மோதிரம் போல் அது குழாய் முனையிலேயே நின்றது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெர்லின் தலையை ஆட்டி, "இல்ல," என்றார்.

"அதான் எனக்கே தெரியுதே," என்றாள் அவள்.

அடுத்ததாக டுவெய்ன் கொடுத்தது லொடலொடவென்று இருந்தது. "டின்னைக் கத்தரிச்சு குழாயச் சுத்தி ஒரு சுத்து சுத்துங்க. மேல க்ளாம்ப்பைப் போட்டு இறுக்கிடுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க," என்றான். அவள் ஒரு பட்டாணி டின்னைக் கத்தரித்துச் சுற்றி இறுக்கினாள். இரண்டு நிமிடம் வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது. மூன்றாவது நிமிடம் டின் பிய்த்துக்கொண்டு போய்ப் புறா உட்காரும் உத்தரத்தில் அடித்தது. வெர்லின் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அன்றுதான் ஆர்டிஸ், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். முதியோர் இல்லத்தில் கால் வீங்கினவர்களை அளக்க ஒரு துணி நாடா வைத்திருந்தாள். காகிதத்தில் எழுதியிருப்பதை நம்பிக் காலைப் பார்க்காமல் விட்டவள் இல்லை அவள். இரும்பு என்றதும் எப்படியோ பட்டியலை நம்பிவிட்டாள். குழாய் துருப்பிடித்து வட்டம் கெட்டிருந்தது. குறுக்கே அளந்தால் ஒரு பக்கம் ஒரு கணக்கு, மறு பக்கம் வேறு கணக்கு. அதனால் கெண்டைக்காலை அளப்பது போல் நாடாவைச் சுற்றி அளந்தாள். ஏழு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூட. விட்டத்துக்கு வகுத்துப் பார்த்தால் இரண்டேகால். பட்டியலில் அந்த வண்டிக்கு இரண்டு என்றுதான் போட்டிருந்தது.

அவள் கொட்டகை வாசலுக்கு வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"வெர்லின், இந்தக் குழாய் இந்த வண்டியோடதா?"

"இல்ல," என்றார் வெர்லின். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் கேட்ட ஒரு கேள்விக்கு அந்தச் சொல் சரியான பதிலாக விழுந்தது. அவர் இடது கையால் தன் தொடையில் தட்டினார், இத்தனை நாள் கழித்தாவது கேட்டாயே என்பது போல.

அவருடைய பழைய கணக்கு நோட்டைப் புரட்டியதில் விவரம் கிடைத்தது: 1971-ஆம் வருடக் குளிர்காலத்தில், இஞ்சினோடு புகைக் குழாய் சேரும் இரும்பு விரிசல் விட்டிருக்கிறது. உடைத்துப் போட்டிருந்த ஒரு பெரிய மாடல் வண்டியிலிருந்து புகைக் குழாயோடு சேர்த்துக் கழற்றி வந்து மாட்டியிருக்கிறார். அவள் இல்லத்தில் வேலையில் இருந்திருப்பாள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

வீட்டில் இருந்த மாத்திரைக் குப்பிகளை எல்லாம் எடுத்து வந்து ஒவ்வொன்றாகச் சுற்றி அளந்தாள். மலச்சிக்கல் மாத்திரைக் குப்பி குழாயின் பருமனுக்கு அச்சாகப் பொருந்தியது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி டுவெய்ன் கடைக்குப் போனாள்.

டுவெய்ன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது பெரிய மாடலோட சைஸ். அதை வரவழைக்கலாம். ஆனா அதோட உடம்பு தொப்பை மாதிரி இருக்கும், பக்கத்துல நிக்கிற காத்துக் குழாய்ல இடிக்கும். ஒல்லியா ஒண்ணு முன்னாடி வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப யாரும் செய்யறதில்ல. யாரு கொட்டகையிலயாவது கெடந்தாத்தான் உண்டு." குப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உள்ள ஒண்ணும் இல்லையே?" என்றான்.

"உனக்கு வேணும்னா ரெண்டு தரேன்," என்றாள் ஆர்டிஸ்.

அந்த வாரம் செல்மா கிழவியின் அடக்கம். தொண்ணூற்று நான்கு வயது, நல்ல சாவு. ஜெபம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்க் கூடத்தில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும், உருளைக்கிழங்குக் கலவையும், தண்ணீர்க் காபியுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெர்லினுக்கு ரொட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆர்டிஸுக்கு எதிரே கிளெய்டன் ட்வெய்ட் வந்து உட்கார்ந்தார். பள்ளியில் அவளுக்கு ஒரு வகுப்பு முந்தியவர், மனைவியை இழந்தவர், நான்கு மைல் தள்ளி இருப்பவர். பரம்பரையாகச் சிவப்பு டிராக்டர் வீடு; போட்டிக் கம்பெனியின் பச்சை வண்டியைக் கேலி செய்யாமல் விட மாட்டார்.

"என்ன வெர்லின், பச்சை வண்டியை இன்னும் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கியா?"

"சிவப்பு வண்டி நின்னு போனா இழுத்துட்டு வர ஒண்ணு வேணுமே," என்றாள் ஆர்டிஸ். வெர்லினின் உதட்டின் இடது முனை ஏறியது.

அவள் சைலன்சர் கதையைச் சொன்னாள். குப்பியையும் எடுத்துக் காட்டினாள். கிளெய்டன் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டேகாலா? ஒல்லியா? எங்கிட்ட ஒண்ணு கெடக்கே. ஏலத்துல ஒரு பெட்டி இரும்பு எடுத்தேன், மேல இருந்த பட்டறை இடுக்கிக்காக. அடியில அது கெடந்துச்சு. அட்டைப் பெட்டியக்கூட யாரும் பிரிக்கல. எனக்கு எதுக்கு பச்சை வண்டிச் சாமான்? வேணும்னா எடுத்துக்க."

"ஐயோ, வேண்டாம் கிளெய்டன். உனக்கு எதுக்கு வீண் சிரமம்," என்றாள் ஆர்டிஸ்.

சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள். அந்த ஊரில் ஒரு பொருளை முதல் தடவை நீட்டும்போது வேண்டாம் என்பார்கள். சிரமமே இல்லை என்று மறுபடி நீட்டுவார்கள். அதற்கும் வேறு எங்காவது பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். மூன்றாவது தடவை, சரி, நீ இவ்வளவு சொல்வதால் என்று வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவையிலேயே ஒரு பிஸ்கட்டைக்கூட எடுத்தவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை; எடுத்தால் வெளியூர்க்காரர்.

கிளெய்டன் இரண்டாவது தடவைக்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, தேவாலயச் சமையலறையைக் கவனித்துக்கொள்ளும் லொரெய்ன் அதன் வாசலில் இருந்து கூப்பிட்டாள்: "கிளெய்டன், இந்த நாற்காலிங்கள மடக்கி அடுக்கணும். ஆம்பளைங்க எல்லாரும் எங்க போய்த் தொலைஞ்சாங்க?" தேவாலயத்தில் லொரெய்ன் கூப்பிட்டால் பாதிரியாரே எழுந்து போவார். கிளெய்டனும் போனார்.

ஆர்டிஸ் காத்திருந்தாள். தேவையில்லாமல் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்று, கழுவின தட்டுகளையே மறுபடி துடைத்தாள். கிளெய்டன் நாற்காலிகளை மடக்கினார், மேசைகளையும் மடக்கினார், தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் வந்தார். "வெர்லின் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "பரவால்ல," என்றாள். சோளம் காய்ந்துவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். மழை வருமா என்று பேசினார்கள். மழை வராது என்று முடிவு செய்து பிரிந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் தொலைபேசியைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தாள். வேண்டாம் என்று வாயால் சொன்ன பொருளைக் கொடு என்று கேட்பதா? நோயாளிகளிடம் மலம் போனதா என்று சத்தமாகக் கேட்கக் கூச்சப்படாதவள், ஒரு இரும்புக் குழாயைக் கேட்கக் கூசினாள். அன்று வெர்லினின் உள்ளங்கையில் நகம் பதிந்த ஓர் இடத்தில் தோல் கிழிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை வெர்லினைப் பிக்கப் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு நாய்த் தீனி வாங்க டுவெய்ன் கடைக்குப் போனாள். மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டபடியே டுவெய்ன் சொன்னான்: "கிளெய்டன் கொட்டகைய காலி பண்றாராம், தெரியுமா? ஊருக்குள்ள அவர் இருக்கக் கச்சிதமா ஒரு வீடு பாத்துட்டா அவர் மக. பழைய இரும்பு எடுக்கிற லாரி இப்பத்தான் இந்தப் பக்கமாப் போச்சு."

ஆர்டிஸ் பாக்கிச் சில்லறையை வாங்காமல் வண்டியைக் கிளப்பினாள். நான்கு மைலையும் சரளை ரோட்டில் வேகமாகப் போனாள். வெர்லின் இடது கையால் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு, "இல்ல, இல்ல," என்றார்.

"சும்மா இரு. மெதுவாப் போற நேரமா இது?"

கிளெய்டன் வீட்டு முற்றத்தில் லாரி நின்றது. காந்தம் மாட்டின கை ஒன்று இரும்புக் குவியலில் இறங்கி, கலப்பைத் துண்டும் வேலிக் கம்பியுமாக அள்ளி உள்ளே கொட்டியது. ஒரு குவியல் ஏற்கெனவே மறைந்திருந்தது. மண்ணில் அதன் துருத்தடம் மட்டும் கிடந்தது. கிளெய்டன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா ஆர்டிஸ். காபி இருக்கு, ஒரு வாய்..."

"கிளெய்டன், எனக்கு அந்த சைலன்சர் வேணும்."

கிளெய்டன் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண் அவரிடம் நேருக்கு நேராக ஒன்றைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

"நீதான் வேண்டாம்னியே."

"ஒரு தடவைதானே கேட்ட? ஒரு தடவை கேட்டா யாரு சரின்னு சொல்லுவா?"

"ரெண்டாவது தடவை கேக்கத்தான் வாயெடுத்தேன். லொரெய்ன் நாற்காலிய மடக்கக் கூப்பிட்டுட்டா."

"ஞாயித்துக்கிழமை கேட்டிருக்கலாமே."

"ஞாயித்துக்கிழமை கேட்டா அது மறுபடி முதல் தடவை ஆயிடும். நீ மறுபடி வேண்டாம்னிருப்ப."

ஆர்டிஸ் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, சொல்லியிருப்பேன்," என்றாள். "இப்ப அது எங்க?"

கிளெய்டன் லாரிக்காரனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். காந்தம் அந்தரத்தில் நின்றது. பெட்டி எந்தக் குவியலில் போனது என்று அவருக்கே தெரியவில்லை. மகள்தான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். ஏற்றின குவியலாக இருந்தால் போனது போனதுதான். ஆர்டிஸ் கோட்டின் கையை மடக்கிக்கொண்டு மிச்சக் குவியலில் இறங்கினாள்.

"நீ தள்ளு ஆர்டிஸ், நான் பாக்கறேன். கையக் கிழிச்சிக்குவ."

"என் கை எவ்வளவோ பாத்துடுச்சு. நீ அந்தப் பக்கம் பாரு."

உழவுக் கொழு, உடைந்த பால் வாளி, அறுவடை இயந்திரத்தின் சங்கிலி, அடுப்புக் கதவு. லாரிக்காரன் சிகரெட் பற்ற வைத்தான். பிக்கப்பில் இருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. வெர்லின் ஒரு திசையில் விரலை நீட்டிக்கொண்டிருந்தார். இரும்புக் குவியல் பக்கம் இல்லை. அதற்கு அப்பால், கொட்டகைச் சுவர் ஓரமாக எரிப்பதற்காகப் போட்டிருந்த பலகைகளின் பக்கம். உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து அவருக்குத்தான் அது தெரிந்தது. அட்டைப் பெட்டி என்பதால் கிளெய்டனின் மகள் குப்பையோடு போட்டிருக்கிறாள்.

பெட்டி இரவுப் பனியில் நனைந்திருந்தது. ஒரு முனையில் எலி கூடு கட்டியிருந்தது. உள்ளே சைலன்சர் மெழுகுக் காகிதத்தில் கறுப்பாக, ஒல்லியாக, துருவே இல்லாமல் படுத்திருந்தது. ஆர்டிஸ் கைப்பையைத் திறந்து குப்பியை எடுத்து அதன் வாயில் விட்டாள். ஆடாமல், இடிக்காமல் உள்ளே போனது.

அவள் அப்படியே குந்தி உட்கார்ந்தாள். கண்ணில் தூசி விழுந்திருந்தது, முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"நான் வந்து மாட்டித் தரட்டுமா?" என்றார் கிளெய்டன்.

"வேண்—" என்று தொடங்கி நிறுத்தினாள். "சரி. வா."

கிளெய்டன் அதற்குத் தயாராக இல்லை. இன்னும் இரண்டு தடவை கேட்பதற்கான மூச்சை உள்ளே இழுத்து வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு, சட்டைப் பையிலேயே இருந்த சாவியைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. கிளெய்டன் குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். ஆர்டிஸ் கிரீஸ் தடவினாள். வெர்லின் நாற்காலியில் இருந்து எல்லாவற்றுக்கும் இல்ல சொன்னார். க்ளாம்ப்பை வைத்தபோது மட்டும் அவர் சொன்ன இல்ல கொஞ்சம் சத்தமாக இருந்தது. இடது கையால் காற்றில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். கிளெய்டன் குனிந்து பார்த்தார். மரையாணி பானெட்டில் இடிக்கும்படி இருந்தது.

"புடிச்சிட்டானே," என்று சொல்லி க்ளாம்ப்பைத் திருப்பி வைத்தார்.

இஞ்சினை ஆர்டிஸ்தான் கிளப்பினாள். பொக். சற்று இடைவெளி. பொக்பொக். அந்த வண்டிக்கே உரிய நொண்டி நடை, பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து வருவது போல. அவள் வண்டியைப் பார்க்கவில்லை, வெர்லினின் தோளைப் பார்த்தாள். தோள் ஏறவில்லை. அவர் வலப்பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஊன்றுகோலை நிமிர்த்திக்கொண்டு தானாகவே எழுந்தார்.

சக்கரத்துக்குப் பின்னால் செங்கல் வைத்தாள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். அவரை ஏற்றி உட்கார வைத்து, பின்பக்கத் தட்டில் தானும் ஏறி நின்று பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வலது கையை எடுத்துக் கோலின் மேல் வைத்து விரல்களைச் சுற்றி மடக்கினாள்.

"தள்ளு."

முதலில் தோள் மட்டும் முன்னால் போனது. பிறகு முழங்கை. கோல் அசையவில்லை. வெர்லினின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஒரு அங்குலம் போனது, அப்புறம் மூன்று அங்குலம், அப்புறம் டக்கென்று முழுசாகப் போய்ப் பிடித்தது. பட்டைச் சக்கரம் சுற்றத் தொடங்கியது. இழுத்தார், நின்றது. தள்ளினார், சுற்றியது. எட்டு தடவை எண்ணினாள். ஒன்பதாவது தடவைக்கு இழுத்து வைத்தபோது, "போதும், நாளைக்குப் பாக்கலாம்," என்றாள்.

வலது கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் இடது கையைக் கவனிக்காமல் விட்டாள். முப்பத்தொரு வருட அனுபவம் இருந்தும் அது அவள் தவறுதான். இடது கை முன்னால் நீண்டு முதல் கியரைப் போட்டது. வலது கை கோலைத் தள்ளியது. செங்கல் பின்னால்தான் இருந்தது, முன்னால் இல்லை. பச்சை வண்டி கொட்டகை வாசலைத் தாண்டி, புல்லின் மேல் நடை வேகத்தில் போய், துணி காயும் கம்பத்தில் நெற்றியை வைத்தது. கம்பம் சாய்ந்தது. காலையில் துவைத்துப் போட்டிருந்த இரண்டு விரிப்புகளும் தரையில் விழுந்தன.

ஆர்டிஸ் அவர் தோளுக்கு மேலாகக் கோலை எட்டினாள். அவள் கை போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே அவருடைய கை இருந்தது. இறுகப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தது. வண்டி நின்றுவிட்டது.

கிளெய்டன் மூச்சிரைக்க ஓடி வந்தார். எல்லோரும் முழுசாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "சிவப்பு வண்டியா இருந்திருந்தா கம்பத்துக்கு முன்னாடியே நின்னிருக்கும்," என்றார்.

"இல்ல," என்றார் வெர்லின்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்கெல்லாம் ஆர்டிஸ் பழைய குழியை ஆழமாகத் தோண்டி, கம்பத்தை நிறுத்தி, வெர்லினைக் கூப்பிட்டாள். அவர் கால்களை அகட்டி நின்று, இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்துப் பிடித்துக்கொண்டார். வலது கையை யாரும் எடுத்து வைக்கவில்லை. அவள் கல்லும் மண்ணுமாகப் போட்டு இடித்தாள்.

"நேராப் புடி. வீட்டுப் பக்கமாச் சாயுது."

"இல்ல."

"சாயுதுங்கறேன்."

மரீபெத்தின் கார் வந்து நின்றது. அவள் பையோடு இறங்கி, புல்லைத் தாண்டி வந்து, பாதியில் நின்றாள்.

"என்ன பண்றாரு இவர்?"

"கம்பம் புடிக்கறாரு," என்றாள் ஆர்டிஸ். "எழுதிக்க."

மரீபெத் காருக்குத் திரும்பிப் போய், அதன் பானெட் மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். ஆர்டிஸ் கடைசி மண்வெட்டி மண்ணைப் போட்டு, குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதித்தாள்.